ஐந்தாவது படம்

பத்தொன்பது வருடமாக நான் எடுப்பது
சேதத்தின் படங்கள்.
முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம்.
ஒரு காருக்கு நான்கு.
அதற்கு மேல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தேவையில்லை.

பிப்ரவரிச் சனிக்கிழமை. ஹாலிஃபாக்ஸில்
தூண்டில் கடைக்கு மேலே ஒரு மாடி அறை.
பூட்ஸுகளைக் கழற்றி வரிசையாக வைத்தோம்;
ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னக் குளம்.
மாரா கில்லிஸ் பித்தளைக் கிண்ணத்தைத் தட்டினாள்.
ஓசை போன பிறகும்
போய்க்கொண்டே இருந்தது.
அரை மணி நேரம் சும்மா இருந்தோம்.
என் முழங்கால்தான் அதிகம் பேசியது.

"படத்தைத் தேடாதீர்கள்," என்றாள்.
"நடங்கள். ஏதோ ஒன்று உங்களை நிறுத்தும்.
நின்றுவிடுங்கள்.
பெயர் வைக்க வேண்டாம்,
பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம்.
கண்டது எதுவோ அது மட்டும்.
விரல் கடைசியில்."
திபெத்தில் இதற்கு 'நல்ல கண்' என்று பெயராம்.
பக்கத்திலிருந்த பஸ் மெக்கானிக் வெண்டல்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இன்று நிறம் மட்டும். ஒரு மணி நேரம்.

தெருவில் இறங்கியதுமே
என் கண் வேலைக்குப் போய்விட்டது:
நெளிந்த மட்கார்டு,
உப்பு தின்ற படிக்கட்டு,
துரு. துருவும் நிறம்தானே?
நாற்பத்தொரு படங்கள்.
மாரா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
"லார்ன், இவை எல்லாவற்றிலும்
யார்மீதோ வழக்கு இருக்கிறது."

வெண்டலிடம் ஒரே ஒரு படம்.
நடைபாதைப் பனியில் யாரோ சிந்திய ஜூஸ்.
ஜூஸ் என்றுகூடச் சொல்லக் கூடாது.
ஆரஞ்சு.
அதைச் சுற்றி, வெள்ளை என்று நாம்
வாய்ப்பழக்கத்தில் சொல்லும் நீலம்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.
அதைக் கவனித்தேன்.
கவனித்தும் அது போகவில்லை.

ஞாயிறு முழுக்க டார்ட்மவுத் படகில்
மூன்று தடவை போய் வந்தேன்.
நிறுத்து, நிறுத்து என்று கெஞ்சிக்கொண்டே போனால்
உலகம் மரியாதையாக
வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

திங்கள். பர்ன்சைட், பழைய இரும்பு யார்டு.
வெள்ளி நிற ஹோண்டா.
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் சறுக்கி
மின்கம்பத்தில்.
முன்பக்கம். பின்பக்கம். இடம்.
வலத்துக்கு நகரும்போது
முன்கண்ணாடி என்னை நிறுத்தியது.

பச்சை.
கடல் இல்லை, புல் இல்லை.
உவமை தேடிப்போன மனசு
வெறுங்கையோடு திரும்பி வந்தது.
உடைந்தும் உதிராமல் தொங்கிய கண்ணாடியில்
எண்ண முடியாத விளிம்புகள்,
விளிம்புக்கொரு பச்சை,
பச்சைக்கொரு வெயில்.

பின்சீட்டில் குழந்தையின் இருக்கை.
வாரை யாரோ கத்தியால் அறுத்திருந்தார்கள்.
காறை எலும்பு முறிவு மட்டும், குழந்தை நலம் என்று
கோப்பில் படித்தது ஞாபகம் வந்தது.
இருந்தும் கை கேமராவைத் தாழ்த்தியது.
இதை அழகு என்று சொன்னால்
நான் என்ன மனிதன்?
சொல்லவில்லை.
பச்சையும் போகவில்லை.
அதற்கு அந்தக் குழந்தையைத் தெரியாது,
என்னையும் தெரியாது.
அது எதையும் மறைக்கவுமில்லை;
அறுந்த வார் தெரிந்ததே
அதன் வழியாகத்தான்.

பிடித்ததால் பிடித்த படம் இல்லை இது.
நின்றேன். எடுத்தேன்.
ஒன்றே ஒன்று, மூச்சு வெளியே போகையில்.

ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து டார்சி ஹாரன் அடித்தான்.
"முடிஞ்சுதா?"
வலப்பக்கம் பாக்கி என்றேன்.

ஐந்தையும் அனுப்பினேன்.
மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி:
ஐந்தாவது படம் எந்தச் சேதத்தைக் காட்டுகிறது?

பதில் எழுதும் கட்டத்துக்குள்
அந்தச் சின்னக் கோடு
இருந்தது, இல்லை,
இருந்தது, இல்லை.
ஒரு எழுத்தும் தட்டாமல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டு கோப்புகள் வந்தன.
முதலாவது, ஒரு மீன் லாரி.